ஓரத்தில் எழுதிய சிஸ்டர்

'நல்லா இருக்காரு' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்பவர் மேல் கோபமில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான். அப்படித் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால் கோபத்தில் பாதி என் மேலேயே விழுகிறது. இந்தக் கோபத்தை எனக்குத் தொற்றவைத்துவிட்டுப் போனவர் ஒரு நர்ஸ்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பக்கவாத வார்டுக்கு அவர் இன்சார்ஜ். நான் அங்கே ரெக்கார்டு ரூமில் இருந்தேன். கேஸ் ஷீட்டுகளை அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது, கம்ப்யூட்டர் வந்த பிறகு அதில் ஏற்றுவது என் வேலை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம். நான் அவரை சிஸ்டர் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். என்னைவிட ஆறு மாதம் மூத்தவர் அவர்தான் என்று தெரிந்த பிறகும் அண்ணேதான்.

எழுமலைப் பக்கத்துக்காரர். குள்ளம். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா செருகியிருக்கும், ஒன்று நீலம், ஒன்று பச்சை. படிவத்தில் கேட்டிருப்பதற்கு நீலத்தில் பதில் எழுதுவார். படிவம் கேட்காமல் விட்டதைப் பச்சையில் ஓரத்தில் எழுதுவார். அவர் நிரப்பிய தாள்களில் நீலத்தைவிடப் பச்சைதான் அதிகமாக இருக்கும். எனக்கு அது பெரிய தலைவலி.

யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "எதை வச்சுச் சொல்றீங்க?" கேண்டீனில் வடை சூடாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், "எதை வச்சுச் சொல்றே?" என்று கேட்டுவிட்டு வடையைத் தொட்டுப் பார்ப்பார். மாஸ்டர் தன் ஆட்களிடம் "அந்தம்மா வந்தா தொட்டுப் பார்த்துட்டுப் பேசுங்கடா" என்று எச்சரித்து வைத்திருந்தார். ஒருமுறை என் மனைவிக்குக் காய்ச்சல். இப்போது எப்படி என்று விசாரித்தார். சரியாகிவிட்டது என்றேன்.

"எதை வச்சுண்ணே? தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தீங்களா, இல்ல, காலைல எந்திரிச்சு உங்களுக்குச் சமைச்சாங்கன்றத வச்சா?"

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவளுக்கு அனல் பறந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. கை கால் இழுத்துக்கொண்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். தாண்டிப் போட்டால் மண்டைக்குள் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோய்விடலாம். ஆக, எப்போது ஆரம்பித்தது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. எங்கள் ஊரில் யார் கடிகாரம் பார்த்துக்கொண்டு நோயில் விழுகிறார்கள்? மில் சங்கு ஊதினபோது, பால்காரர் வந்தபோது, டவுன் பஸ் திரும்பினபோது என்றுதான் சொல்வார்கள். எந்தச் சங்கு, எத்தனாவது பஸ் என்று சிஸ்டர் நோண்டி நோண்டி மணியைக் கண்டுபிடிப்பார். இதற்குள் ஆட்டோக்காரர்களுக்கும் விஷயம் பரவிவிட்டது. வருகிற வழியிலேயே, "எப்பன்னு கேட்டா இப்பத்தான்னு சொல்லுங்க, அப்பத்தான் ஊசி போடுவாக" என்று நல்லெண்ணத்தில் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு மகன் தன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அரை மணி நேரம்தான் ஆகிறது என்று அடித்துச் சொன்னார்.

"பல்லு விளக்குனாராப்பா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"இல்லங்க."

"காப்பி குடிச்சாரா?"

"இல்ல."

"பாயை விட்டு எந்திரிச்சாரா?"

ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்தவர், விடியும்போதே வாய் கோணிக் கிடந்திருக்கிறார். ஊசி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் சிஸ்டரிடம் சண்டைக்கு வந்தார், சாகடிக்கப் பார்க்கிறீர்களா என்றார். "ஊசி போட்டாத்தான் சாகடிக்கிறது" என்று சொல்லிவிட்டு அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார் சிஸ்டர்.

அந்தக் காலத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஓர் ஒப்பீட்டு ஆய்வு வந்தது. பல தேசத்து ஆஸ்பத்திரிகள் இந்த ஊசியைப் போட்டவர்களின் விவரத்தை ஒரே மாதிரிப் படிவத்தில் நிரப்பி ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே எத்தனை பேர் பிழைத்தார்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள் என்று அவர்கள் ஒப்பிட்டுச் சொல்வார்கள். எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில் பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

படிவத்தில் வார்டு பகுதியை சிஸ்டர் நிரப்புவார். மூன்று மாதத்துக்குப் பிந்தைய பகுதியை வரவேற்பில் இருக்கிற பெண்கள் போனில் கேட்டு நிரப்புவார்கள். வீட்டில் போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டு நம்பர். அதிலும் ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதி காலி, பிழைத்தாரா என்பதற்கு வார்டுக் கட்டம் மட்டும்தான். நான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மூன்று பேர் வேலையும் ஒழுங்காகத்தான் நடந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு வருஷம் கழித்து முடிவு வந்தது. எங்கள் ஆஸ்பத்திரி பட்டியலில் மேலே இருந்தது. எங்களிடம் சாவு குறைவு, மூன்று மாதத்தில் எழுந்து நடமாடுகிறவர்கள் அதிகம். பெயர் பெற்ற தேசங்களின் ஆஸ்பத்திரிகளெல்லாம் எங்களுக்குக் கீழே. எல்லா வார்டுக்கும் லட்டு வந்தது. வாசலில் வைக்க பேனர் எழுதக் கொடுத்தார்கள். சிஸ்டர் அந்தத் தாளை என் மேஜையில் வைத்து வரி வரியாகப் படித்தார்.

"அண்ணே, இது எதை வச்சு?"

"நாம அனுப்புனத வச்சுத்தான் சிஸ்டர்."

"நான் ஓரத்துல எழுதுனது எங்க?"

"கம்ப்யூட்டர்ல ஓரம் இல்ல சிஸ்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

அவர் பழைய படிவங்களை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பச்சை எழுத்துகளை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாசித்தேன். 'வார்டிலிருந்து போகும்போது: உயிருடன்' என்ற கட்டத்தில் நீல டிக். பக்கத்தில் ஓரத்தில் பச்சையில்: 'காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வீட்டுக்கு. உயிர் தங்காது.' இப்படி ஒன்றல்ல, பல தாள்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இனி ஆகாது என்று டாக்டர் சொன்னால், மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உயிர் சொந்த வாசலில் பிரிய வேண்டும். ஆம்புலன்ஸில் அட்டெண்டர் ஒருவர் கூடவே உட்கார்ந்து காற்றுப் பையை அமுக்கிக்கொண்டு போவார். வாசலில் இறக்கியதும் கையை எடுத்துவிடுவார். இதில் தப்புச் சொல்ல நான் யார்? என் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம். ஆனால் படிவத்தில் அவர் உயிருடன் போனவர்.

சிஸ்டர் நேரே பெரிய டாக்டரிடம் போனார். தாள்களைச் சுமக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், அந்த வெளிநாட்டுல எல்லாம் ஆகாதுன்னா என்ன செய்வாங்க?"

"அங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற பழக்கம் ரொம்பக் கம்மி. ஆஸ்பத்திரிலயே வச்சிருப்பாங்க" என்றார் அவர். அங்கே படித்தவர்.

"அப்ப அவுக சாவு அவுக கணக்குல வந்துருது. நம்ம சாவு செக்கானூரணி தாண்டி ரோட்டுல நடக்குது. அது யாரு கணக்கு சார்?"

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பார்ப்போம் என்றார், அடுத்த முறை படிவத்தைத் திருத்தச் சொல்லி எழுதலாம் என்றார். பேனர் மாட்டியாகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் சிஸ்டரும் முணுமுணுத்துவிட்டு அடங்கியிருப்பார். அடுத்த மாதம் நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. பக்கவாதக்காரர்களின் வீடுகளுக்குப் போய்க் கை காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். அந்த வேலையை எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? நம்முடைய நோயாளிகள்தான் மூன்று மாதத்தில் மற்ற தேசத்துக்காரர்களைவிட நன்றாக இருக்கிறார்களே, பிறகு எதற்கு வீட்டுக்குப் போக வேண்டும்? அந்தத் தாளையே அத்தாட்சியாகக் காட்டினார்கள். நான் ஏற்றி அனுப்பிய விவரத்திலிருந்து பிறந்த தாள்.

ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் சிஸ்டருக்கு இது தெரியவந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அவருக்கு வார விடுமுறை. "அண்ணே, லீவு போடுங்க. நல்லா இருக்காகளான்னு போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

முதலில் போனது சமயநல்லூர். சிம்மக்கல் பழக் கமிஷன் மண்டியில் பெட்டி இறக்குகிற லோடுமேன் அங்கே இருந்தார். மண்டியில் விழுந்தவரைக் கூட்டாளிகள் அப்படியே தூக்கி வந்ததால் நேரத்துக்கு ஊசி கிடைத்தது. வார்டை விட்டு நடந்தே போனவர். பேனரில் ஒரு கையை மட்டும் தூக்கிக் கும்பிடுகிற படமும் அவருடையதுதான். மூன்று மாதப் படிவத்தில் தன் வேலையைத் தானே செய்கிறார் என்று இருந்தது. பக்கத்து வீட்டு நம்பரில் கேட்டது.

அவருடைய சம்சாரம் எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு தேடி வந்திருக்கிறார்களே என்று ஒரே உபசாரம்.

"அவுகளுக்கு என்ன சிஸ்டரு, உங்க புண்ணியத்துல நல்லா இருக்காக."

லோடுமேன் வேப்பமரத்து நிழலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, வகிடெடுத்த தலை, நெற்றியில் விபூதி. பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

"சட்டையை அவரே போட்டாரா?" என்றார் சிஸ்டர்.

"அவுக எதுக்குப் போடணும், நான் இருக்கேன்ல?"

"சோறு?"

"ஊட்டி விட்ருவேன்."

"குளிக்க?"

"மகன் இருக்கான். அவுகளை ஒரு வேலை செய்ய விடமாட்டோம் சிஸ்டரு."

பெருமையாகச் சொன்னார் அந்த அம்மா. புருஷனைத் தரையில் கால் படாமல் வைத்திருக்கிறேன் என்ற பெருமை. சிஸ்டர் போய் லோடுமேனின் வலது கையைப் பிடித்து விரலைப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. உள்ளங்கைக்குள் நகம் அழுத்திப் புண்ணாகியிருந்தது. லோடுமேன் எங்களைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார்.

"நீ போட்டுவிட்டா உன் கை நல்லா இருக்கும்த்தா. அவரு கை?" என்றார் சிஸ்டர். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். வந்த பிசியோ பாதியில் ஏன் நின்றார் என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றாக ஆகிவிட்டதால்தான் நிறுத்திவிட்டார்கள்போல என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்கும் அதற்கடுத்த விடுமுறைகளிலுமாக வீடு வீடாக அலைந்தோம். எழுமலைப் பக்கம் இரண்டு வீட்டில், உயிருடன் போனவர்கள் என்று நாங்கள் எழுதியிருந்தவர்களின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இன்னொரு வீட்டில், நல்லா இருக்காரு என்று போனில் சொன்ன மகளிடம் ஏனம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "போன் பண்ணிக் கேக்குறவுகள்ட்ட சரியில்லன்னு சொன்னா, ஊசி போட்ட டாக்டர குத்தஞ்சொன்ன மாதிரி ஆகிராதாண்ணே?" என்றது அந்தப் பெண்.

அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் சிஸ்டர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்போ பின்போ அவர் தன் கதை எதையும் சொன்னதில்லை. அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, ஊர்ப் பெரிய வீட்டின் வயலில் கூலி. அந்த வீட்டுக்காரர் வரப்பில் நின்று, எப்படிடா இருக்கே என்று கேட்பாராம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம் சாமி என்பாராம். "அடுப்புல பூனை படுத்திருக்கும்ணே. ஆனா நல்லா இருக்கோம்பாரு. அவரும் சரின்னுட்டுப் போயிருவாரு. கேட்டவனுக்கும் நிம்மதி." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

நாங்கள் பார்த்ததையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதினார். முழுக்கப் பச்சையில். பெரிய டாக்டர் முன்னால் வைத்தார். அவர் நெடுநேரம் படித்தார்.

"சிஸ்டர், இந்த ஊசி நம்ம ஊர்ல சரிப்படாதுன்னு சொல்றதுக்கு எத்தனையோ பேர் காத்திருக்காங்க. நாமளே நம்ம மார்க்கைக் குறைச்சு அனுப்புனா நாளைக்கு இங்க ஊசி போடுறதே நின்னுரும். யாருக்கு நஷ்டம்?"

"மருந்து நல்ல மருந்துதான் சார். நானே கண்ணால பாத்தேன், தூக்கிட்டு வந்த ஆளு நடந்து போனாரு. ஆனா ஊசி போட்டதோட வேலை முடிஞ்சிருச்சுன்னு இந்தத் தாளு சொல்லுது. முடியல. நல்லா இருக்காருன்னு எழுதிட்டோம்னா, நல்லா இல்லாதவன் வீட்டுக்கு யாரு சார் போவா?"

அந்தப் பட்டியல் போகவில்லை. சிஸ்டர் அதை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, நீங்கதான அனுப்புறவரு, திருத்தம்னு போட்டு அனுப்பிருங்க" என்றார். பார்க்கிறேன் சிஸ்டர் என்று வாங்கி டிராயரில் வைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், வயதான அப்பா அம்மா. காரணங்களுக்கு என்ன பஞ்சம்? ஒரு வாரம் கழித்து "அனுப்பிட்டீங்களாண்ணே?" என்றார். அனுப்பியாச்சு என்றேன். எதை வச்சுச் சொல்றீங்க என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட ஒரே இடம் அதுதான்.

கொஞ்ச நாளில் அவரை வார்டிலிருந்து மாற்றி, வெளிநோயாளிகளுக்கு பிரஷர் பார்க்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். விடுமுறை நாட்களில் அவர் தனியாகச் சமயநல்லூருக்குப் போய் லோடுமேனின் விரல்களைப் பிரித்துவிட்டு வருவதாகக் கேள்விப்பட்டேன். பிறகு வேலையை விட்டார். போகும்போது என்னிடம், "வாரேண்ணே" என்றார். தலையாட்டினேன். டிராயர் என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. லோடுமேனின் சம்சாரத்தை ஒருநாள் மண்டிப் பக்கம் பார்த்தேன். "இப்ப ரெண்டு பொத்தான் அவுகளே போடுறாக" என்றார். நல்லா இருக்காக என்று சொல்லவில்லை.

நானும் சில வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட ஆபீஸுக்குப் போய்விட்டேன். அதன் பிறகுதான் என் அப்பா விழுந்தார். விளக்குத்தூண் ஜவுளிக் கடையில் ஆயுசு முழுவதும் துணி கிழித்தவர். கத்தரி வைக்காமல் நூல் பிடித்த மாதிரி கிழிப்பார். வேறொரு ஆஸ்பத்திரியில் அதே ஊசியைப் போட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டபோது நான் சரியான மணியைச் சொன்னேன். உயிர் பிழைத்தார். கை திரும்பவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அம்மா எடுத்தார். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் மரியாதைக்கான பாஷை. அந்த மரியாதையோடு, "நல்லா இருக்காருங்க, உங்க தயவுல நல்லா இருக்காரு" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பாஷையில் அழுதார். நான் போனைப் பிடுங்கினேன்.

"எதை வச்சும்மா எழுதுனே?"

அந்தப் பக்கம் இருந்த பெண் தடுமாறியது. "அம்மா சொன்னத வச்சு சார். பேஷண்ட் நல்லா இருக்காருன்னு..."

"வலது கையால சோறு அள்ள முடியல. வேட்டி கட்ட முடியல. பாத்ரூம் போக ரெண்டு பேரு பிடிக்கணும். என் பேரு வாயில வரமாட்டேங்குது, அதுக்கு அழுகுறாரு. எழுதிக்க."

"சார், இதுக்கெல்லாம் இதுல இடம் இல்ல சார். ஆமா, இல்லன்னு ரெண்டு கட்டந்தான் இருக்கு."

"இல்லன்றதுல டிக் போடு. மிச்சத்த ஓரத்துல எழுது."

பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டது, கேலியாக அல்ல, நிஜமாகவே தெரியாமல்.

"ஓரத்துல எழுதுனா யாரு சார் படிப்பாங்க?"

"படிக்காம விட்ட ஆளுதாம்மா பேசுறேன்" என்றேன். "எழுது."